ஊர் உண்ட கடன்

மதுரைக்கு நாள்தோறும் வந்து சேரும் பண்டங்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மேலூர்ப் பக்கத்து நெல்லும், உசிலம்பட்டிப் பக்கத்துப் பயறும், சுற்றுக் கிராமங்களின் காய்கறியும் பாலும் வந்து குவிகின்றன. அவற்றோடு கண்ணுக்குத் தெரியாத பொருளொன்றும் நகரத்துக்குள் நுழைகிறது. அதற்குப் பாஸ்வரம் என்று பெயர். குடியானவர் அதை மணிச்சத்து என்பார். பயிர் வேரூன்றவும் கதிரில் மணி பிடிக்கவும் அது இன்றியமையாதது. நமது எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தருவதும் அதுவே. இவ்வாறு வயலை விட்டு வந்த சத்தில் பெரும்பகுதி வயலுக்குத் திரும்புவதில்லை, சாக்கடையோடு போய்விடுகிறது.

தழைச்சத்துக் குறைந்தால் அதைக் காற்றிலிருந்தே பெறலாம். பயற்றஞ்செடியின் வேர் அவ்வேலையைச் செய்கிறது; ஆலைகளும் செய்கின்றன. மணிச்சத்துக்கு அந்த வழி இல்லை. புதிதாக வேண்டுமானால் பாறையை வெட்டித்தான் எடுக்கவேண்டும். 1906-ஆம் ஆண்டிலேயே இராணிப்பேட்டையில் பாரி கம்பெனியார் சூபர் பாஸ்பேட் உரத் தொழிற்சாலை கண்டனர். ஆயினும் நாட்டில் அதற்கேற்ற பாறை குறைவு. ராஜஸ்தானத்தில் உதயப்பூரை அடுத்த ஜாமர்கோட்ரா முதலிய இடங்களில் கிடைப்பது நமது தேவைக்குப் போதாது. உலகத்து இருப்பில் பெரும்பகுதி மொராக்கோ தேசத்தில் இருக்கிறது. உப்புக்காகப் போராடி வென்ற நாடு, உரத்துக்காக அயல்நாட்டுக் கப்பலை எதிர்பார்த்து நிற்கிறது!

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் ஓர் ஆளின் கழிவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 400 கிராம் பாஸ்வரம் வெளியேறுகிறது என்பது அறிஞர் மதிப்பீடு. அதில் பெரும்பங்கு சிறுநீரில் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே மதுரையின் ஜனத்தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. பத்து லட்சம் என்றே கொண்டாலும் ஆண்டுக்கு 400 டன் ஆகிறது. 50 கிலோ மூட்டைகளில் சூபர் பாஸ்பேட்டாக வாங்குவதானால் லட்சம் மூட்டைக்கு மேல் வேண்டும். இத்தனையையும் நீரில் கலக்க விடுவதால் நஷ்டம் ஒன்றல்ல, இரண்டு. வயல் இளைக்கிறது, கண்மாய்களிலோ ஆகாயத்தாமரை கொழுக்கிறது.

கழிவில் இச்செல்வம் உண்டென்பது புதிய செய்தியன்று. 1669-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் பொன் செய்யும் ஆசையால் சிறுநீரைக் காய்ச்சினார். பொன் கிடைக்கவில்லை, இருளில் ஒளிரும் பாஸ்வரம் கிடைத்தது. நமது முன்னோர் ரசவாதம் செய்யாமலே இதன் பயனை அறிந்திருந்தனர். அறுவடையான வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துவதும், கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டியில் ஏற்றி நிலத்தில் சேர்ப்பதும் நமது சமவெளியின் பழைய வழக்கங்கள். 2017-இல் விவசாயிகள் கண்மாய் வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு அனுமதித்தது, அவ்வழக்கத்துக்குச் செய்த நல்ல உதவி.

நகரமும் ஒருவகையில் இதைச் செய்து பார்த்ததுண்டு. அவனியாபுரத்துப் புல்பண்ணைக்கு நகரத்துச் சாக்கடை நீர் நெடுங்காலம் பாய்ந்தது. அங்கே விளைந்த புல்லை மாடு தின்றது. மாடு தந்த பாலை நகரம் காப்பியில் கலந்து குடித்தது. ஆனால் சுத்திகரிக்காத நீரில் நோய்க்கிருமியும் வரும்; பட்டறை, சாயத்தொட்டிக் கழிவுகளும் வரும். எனவே பழைய முறையை அப்படியே போற்றுவதற்கில்லை.

மதுரைக்குத் தென்மேற்கே உள்ள கல்லுப்பட்டி ஆசிரமத்தில் தமது கடைசி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பா, மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கே திரும்பவேண்டும் என்று வற்புறுத்தி வந்தார். இக்காலத்து விஞ்ஞானம் அதற்கு வழி காட்டுகிறது. சாக்கடை நீரில் மக்னீஷியம் உப்பைத் தக்க பக்குவத்தில் சேர்த்தால், மணிச்சத்து ‘ஸ்ட்ரூவைட்’ என்னும் படிகமாக அடியில் தங்கும். அதை உரமாக இடலாம். பெரிய நகரங்களின் கழிவிலிருந்து பாஸ்வரத்தை மீட்பதை ஜெர்மனி 2029 முதல் கட்டாயமாக்கிச் சட்டம் செய்திருக்கிறது. நமது முசிறியிலேயே ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம், சிறுநீரைத் தனியே பிரிக்கும் கழிப்பிடங்களை அமைத்து, அதைப் பயிருக்குப் பயன்படுத்திக் காட்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. உரத்தின் பெயரால் மனிதன் கையில் மீண்டும் மலக்கூடையைக் கொடுப்பது பெரும் பாதகம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிடினும் நமது மனச்சாட்சி தடுக்கவேண்டும். இவ்வேலை குழாய்க்கும் யந்திரத்துக்கும் உரியது.

பெரிய ஆலைகளை அமைப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. இல்லத்தார் செய்யக்கூடியதும் உண்டு. காய்கறித் தோலையும் எச்சில் இலையையும் பிளாஸ்டிக்கோடு சேர்க்காமல் தனியே வைத்தால் அவை மக்கி எருவாகும். கடன் பட்டவர் சிறுகச் சிறுகவேனும் திருப்பிக் கொடுப்பதே முறை. வயலுக்கு மதுரை பட்ட கடனும் அப்படித்தான்.