தொடக்க நிறுவனங்களும் சமூக ஊடக நேரசூசியும்: பஃபர் நிறுவனம் தரும் சான்று

புதிதாக ஒரு தொழில் முயற்சியைத் தொடங்குவோர் சமூக ஊடகங்களில் இடையறாது எழுதிவருதல் வேண்டும் எனும் கருத்து இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. ஆயின், முதற் கிழமையில் நாளொன்றுக்கு மூன்று பதிவுகள் வெளிவருவதும், மாதமொன்று கழிந்ததும் அப்பக்கம் வெறிச்சோடிக் கிடப்பதும் பொதுவாகக் காணப்படுபவையே. இதனை ஊக்கக் குறைவின் விளைவெனக் கொள்வது பொருந்தாது. எழுதும் நேரமும் வெளியிடும் நேரமும் ஒன்றாயிருத்தலே இதற்கு முதற் காரணம் என்பது எமது கருத்து. பொருளை ஆக்குபவரும், வாடிக்கையாளருக்கு மறுமொழி கூறுபவரும், கணக்குப் பார்ப்பவரும் நிறுவனர் ஒருவரே. நெருக்கடி மிகுந்த நாளில் அவர் முதலிற் கைவிடுவது பதிவையேயாம்.

இவ்விரு நேரங்களையும் பிரித்துவைத்தமைக்குப் பஃபர் நிறுவனத்தின் வரலாறு தக்க சான்றாகும். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலிருந்து ஜோயல் கஸ்கொயின் என்பார் 2010 நவம்பர் 30 ஆம் திகதி இதனை வெளியிட்டார். செயலியை ஆக்குமுன்னரே, அதனை விபரிக்கும் பக்கமொன்றை மட்டும் இணையத்தில் இட்டு, நாடுவோர் உளரா என அவர் சோதித்துக்கொண்டமை தனியே ஆராய்தற்குரியது. டுவிற்றர் பதிவுகளை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி அக்காலத்தில் வேறு செயலிகளிலும் இருந்தது. ஆனால், ஒவ்வொரு பதிவுக்கும் நாளும் மணியும் தனித்தனியே குறித்தல் வேண்டும். பஃபரிலோ, வெளியிடும் வேளைகளை ஒருமுறை வரையறுத்துவிட்டால், எழுதியவை யாவும் வரிசையில் நின்று முறைப்படி வெளிவரும். மாரியில் நீரைத் தேக்கி, மதகுவழி அளவோடு விடும் குளத்தை ஒத்தது இவ்வேற்பாடு.

அவ்வாறாயின் மதகை எவ்வளவு திறப்பது? வேலை மிகுந்த கிழமையில் எவ்வளவு எழுத முடியுமோ, அதனினும் சற்றுக் குறைவாகவே திறத்தல் வேண்டும். ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம் ஒதுக்கி நான்கு பதிவுகளை எழுதக்கூடிய ஒருவர், கிழமைக்கு மூன்றினை மட்டுமே வெளியிடுவாராக. ஆறு கிழமைகளில் ஆறு பதிவுகள் எஞ்சும். நோயோ பயணமோ குறுக்கிடும்போது அவை இரண்டு கிழமைகளுக்குப் போதும். எழுதுதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. வாடிக்கையாளர் அடுத்தடுத்துக் கேட்கும் வினாக்களே தக்க பொருளாகும். உகந்த மணி எது என்பது பற்றிப் பலர் பெரிதும் கவலையுறுகின்றனர். 2016 ஆம் ஆண்டில் இன்ஸ்ரகிராம் கால வரிசையைக் கைவிட்டு, பயனர் விருப்பத்தைக் கணித்துப் பதிவுகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கியபின், அவ்வளவு கவலை தேவைதானா என ஐயுற இடமுண்டு.

எனினும் வரிசை மட்டுமே வாசகரைக் கொணர்ந்துவிடாது. பஃபரின் இணை நிறுவனர் லியோ விட்ரிச், பிறர் நடாத்திய தளங்களுக்கு ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 150 கட்டுரைகள் எழுதினார். தொடக்கக் கட்டுரைகளாற் கிடைத்த பயன் மிகச் சிறிதே. ஆயினும் அம்முயற்சியின் வழியாகவே பயனர் தொகை 100,000 ஐ எட்டியதென அவர்கள் கூறியுள்ளனர். இங்கு ஒன்றை மறத்தலாகாது. செயலியை ஆக்கும் பொறுப்பைக் கஸ்கொயின் ஏற்றிருந்தமையாலேயே விட்ரிச் எழுத்தில் ஈடுபட முடிந்தது. தனியொரு நிறுவனர் இத்தொகையைத் தமக்கு அளவுகோலாகக் கொள்வாராயின் இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிடுவார்.

தேக்கிவைத்து வெளியிடும் முறைக்கு ஒரு குறைபாடும் உண்டு. நாட்டில் பெருந்துயர் நேர்ந்த வேளையிலும், முன்னர் எழுதிய விற்பனைப் பதிவு தன் மணிக்கு வெளிவந்தே தீரும். 2013 ஒக்டோபரில் பஃபரினுள் அத்துமீறிப் புகுந்தோர், அதன் பயனர்களின் கணக்குகளினூடாக வேண்டாத விளம்பரங்களைப் பரப்பியபோது, அந்நிறுவனம் வெளியீட்டை முற்றாக நிறுத்திவைத்துப் பயனர்களுக்கு நிலைமையை உடனுக்குடன் அறிவித்தது. ஆதலின் நேரசூசி வகுக்கும்போதே, அவசர வேளையில் வரிசையை நிறுத்துபவர் யார், அவர் இல்லாதவிடத்து அதனைச் செய்பவர் யார் என்பனவும் அதில் எழுதப்படல் வேண்டும்.