மதுரை ஆலய நுழைவு: கேட்கப்படாத மூன்று கேள்விகள்

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலய நுழைவு நடைபெற்றது. ஆண்டுதோறும் நினைவுகூரப்படும் நிகழ்வுதான். ஆனால் அந்த நினைவேந்தல்களில் எழுப்பப்படாத கேள்விகள் சில உண்டு.

உள்ளே சென்றவர்கள் யார்? அழைத்துச் சென்றவரின் பெயர் அனைவருக்கும் தெரியும். சென்றவர்களுள் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த பி. கக்கன் பின்னாளில் அமைச்சரானதால் நினைவில் நிற்கிறார். முருகானந்தம், சின்னையா, முத்து உள்ளிட்ட மற்ற தலித் தோழர்களின் வாழ்க்கை பேசப்படுவதில்லை. காலங்காலமாக மறுக்கப்பட்ட வாசலைக் கடந்தவர்கள் அவர்களே என்னும்போது, அந்நாளின் வரலாறு அவர்களிடமிருந்தல்லவா தொடங்க வேண்டும்?

இரண்டாவது கேள்வி: வழிபடச் சென்றவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு எதற்குத் தேவைப்பட்டது? அந்நிகழ்வையொட்டி ராஜாஜி அரசு கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே, அனுமதி வழங்குதலோடு வழக்கிலிருந்து காத்தலும் இடம்பெற்றிருந்தது. அதற்கான விடை கமுதியில் இருக்கிறது. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த அவ்வூரின் கோயிலுக்குள் 1897 மே மாதம் நாடார்கள் நுழைந்தனர். பரம்பரை அறங்காவலரான சேதுபதி வழக்குத் தொடுத்தார். கோயிலைச் சுத்திகரிக்கும் செலவையும் அவர்களிடமே கோரினார். மதுரை நீதிமன்றம் தொடங்கி உயர் நீதிமன்றம் வரை நுழைந்தவர்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிசெய்தது. வழக்கம் என்பது சட்டத்தின் வலிமை பெற்றிருந்தது. அதை மீறுபவர் மட்டுமல்ல, மீற இடங்கொடுக்கும் கோயில் அதிகாரியும் நீதிமன்றப் படியேற நேரிடும். தீண்டாமையை ஊர்க்கட்டுப்பாடு என்று மட்டும் எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்: அதற்கு நீதிமன்ற முத்திரையும் இருந்தது.

மூன்றாவது கேள்வியே முதன்மையானது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது உரிமையா, அனுமதியா? வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று கோயில் நிருவாகம் கருதினால், அரசின் ஒப்புதலோடு கதவைத் திறக்கலாம் என்றே அது கூறியது. விலக்கி வைத்தவர்களின் விருப்பமே அளவுகோல். ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1933 பிப்ரவரியில், ரங்கா ஐயரின் ஆலய நுழைவு மசோதாவை அம்பேத்கர் ஆதரிக்க மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். தீண்டாமையைப் பாவம் என அறிவிக்காமல், பெரும்பான்மையினரின் வாக்குக்கு அதை விட்டுவிடும் ஏற்பாட்டை அவர் ஏற்கவில்லை. சென்னை மாகாணத்தில் எல்லா இந்துக்களுக்குமான நுழைவுரிமை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. அரசமைப்பின் 17ஆம் கூறு தீண்டாமையையே ஒழித்தது.

நகரத்துப் பெருங்கோயிலில் திறந்த கதவு சுற்றுப்புற ஊர்களில் தானாகத் திறந்துவிடவில்லை. பெருங்கோயிலில் அரசின் ஆணை செல்லும். ஊர்க்கோயிலிலோ திருவிழா, வரி, முதல்மரியாதை, நிலவுடைமை எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்றுதான் இடிக்கப்பட்டது. அவ்வூர் முத்தாலம்மன் கோயிலுக்குள் அவர்கள் 2011 நவம்பரில், காவல்துறைப் பாதுகாப்போடு சென்றனர். மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நடந்து அப்போது 72 ஆண்டுகள் ஆகியிருந்தன.