ஆறு மணி நேரம் கடலுக்கு லீவு!

வங்கிகளுக்கு லீவு விடுவதற்கென்றே 1871-ல் சட்டம் போட்ட நாடு இங்கிலாந்து. பார்லிமென்ட்டில் அதைக் கொண்டுவந்தவர் சர் ஜான் லப்பக். தொழிலில் பேங்கர், ஓய்வு நேரத்தில் எறும்பு ஆராய்ச்சி! பி.காம். படித்த எனக்கு இந்த மனிதர் மேல் தனி மரியாதை. பேரேட்டை மூடி வைத்துவிட்டுப் பூச்சிகளைப் பார்க்கக் கிளம்பியவராச்சே!

அவர் புண்ணியத்தில் இன்றைக்கும் ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை அங்கே 'பேங்க் ஹாலிடே'. ஊரே கடற்கரைக்குக் கிளம்பிவிடும். அங்கே வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பர்கள் இருவரும் என்னையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். ஒருவன் ஆடிட்டர். இன்னொருவன் சாஃப்ட்வேர். இந்தக் கட்டுரைக்கு அதுவே பெயர் என்று வைத்துக்கொள்வோம்.

போன இடம், தெற்குக் கரையில் டார்செட் மாவட்டத்தில் உள்ள லைம் ரீஜிஸ். கடற்கரை என்றதும் மெரீனா மணல், சுண்டல், பட்டம் என்று கற்பனை பண்ணாதீர்கள். இங்கே நாங்கள் நடந்தது முழுக்கப் பாறை. ஒரு பக்கம் செங்குத்தான மலைச்சுவர், மறுபக்கம் கடல். நடுவில் வழுக்கும் பாசி. தண்ணீரோ ஆகஸ்டிலும் ஐஸ் மோர்!

கடல் உள்வாங்கியது!

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்த வார்த்தையைக் கேட்டாலே நமக்கு வயிறு கலங்கும். இங்கே அது தினசரி நிகழ்ச்சி. ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு தடவை கடல் ஏறும், இரண்டு தடவை வற்றும். பாடப் புத்தகத்தில் உயர் ஓதம், தாழ் ஓதம் என்று படித்தோமே, அதேதான். சென்னையில் இந்த ஏற்ற இறக்கம் மூன்றடி சொச்சம். நம் கண்ணுக்கே தெரியாது. லைம் ரீஜிஸில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 12 அடி வரை போகும். காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் நண்டு நடக்கும்.

"இன்னிக்கு 12.50-க்கு லோ டைட். 12 மணிக்கு இறங்கறோம், 2 மணிக்குத் திரும்பறோம்" என்றான் ஆடிட்டர், கையில் அச்சடித்த அட்டவணையோடு.

"வருமான வரி ரிட்டர்ன் தேதி மாதிரி சொல்றியேடா" என்றான் சாஃப்ட்வேர்.

கடல் விலகிய பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடித் தொட்டி. பூ மாதிரி விரிந்திருக்கும் கடல் சாமந்தியைத் தொட்டால் சிவப்பு ஜெல்லியாகச் சுருங்கிக் கொள்கிறது. கூம்புத் தொப்பி போட்ட லிம்பெட் என்ற நத்தை பாறையோடு பாறையாக ஒட்டிக்கிடக்கிறது. தண்ணீர் ஏறியதும் கிளம்பி மேய்ந்துவிட்டு, வற்றுவதற்குள் தன் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிடுமாம். ஆபீசில் சீட்டில் கர்ச்சீப் போட்டுவிட்டு டீக்குப் போகிற ஜாதி!

தரையெல்லாம் சக்கரம்

'காப்' எனப்படும் வளைந்த கல் துறைமுகத்தைத் தாண்டி, மேற்கே மான்மத் கடற்கரையில் அரைமணி நேரம் தட்டுத்தடுமாறி நடந்தால்... அங்கேதான் அதிசயம்! பாறைத் தரையில் ஸ்கூட்டர் சக்கரம் அளவுக்குச் சுருள் சுருளாகக் கல் வட்டங்கள், எங்கு பார்த்தாலும்! இவை அம்மோனைட்டுகள். கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் பிராணி. சுமார் 20 கோடி வருடம் முன்பு சேற்றில் புதைந்து கல்லாகிப் போனவை.

நம் வீட்டுப் பூஜை அறையில் சாளக்கிராமம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கும் அதுவும் அம்மோனைட்தான். அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். நம்ம அரியலூர்ப் பக்கம் டைனோசர் காலத்தில் கடலாக இருந்தது. அங்கேயும் அம்மோனைட் உண்டு.

இந்த லைம் ரீஜிஸ் கரையில் கல் பொறுக்கியே குடும்பத்தைக் காப்பாற்றியவள் மேரி ஆனிங். 1799-ல் பிறந்தவள். தச்சுவேலை பார்த்த அப்பா 1810-ல் கடன் வைத்துவிட்டு இறந்துபோனார். அடுத்த இரண்டு வருடத்துக்குள் அண்ணன் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டுபிடிக்க, மேரி மீதி எலும்புக்கூட்டைக் கண்டுபிடித்தாள். அப்போது அவளுக்கு 12 வயது. அது இக்தியோசார் என்ற கடல்வாழ் ராட்சஸ ஊர்வன. விலை 23 பவுன்!

குளிர்காலப் புயலில் மலைச்சுவர் சரிந்தால்தான் புதுச் சரக்கு வெளியே வரும். அடுத்த அலை அடித்துக்கொண்டு போவதற்குள் எடுத்தாக வேண்டும். 1833-ல் ஒரு சரிவில் கூடவே இருந்த நாய் மண்ணோடு போயிற்று. அவள் மயிரிழையில் தப்பினாள். அவள் தோண்டியதை வாங்கிய கனவான்கள் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கினார்கள். லண்டன் புவியியல் கழகத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது. 47 வயதில் இறந்தாள். ஊரில் சிலை வைத்தது 2022-ல்தான். பக்கத்தில் அந்த நாயும் இருக்கிறது.

பன்னிரண்டின் கணக்கு

மணி 2. "அந்த முனையைத் தாண்டினா இன்னொரு பே இருக்கு. பின்ஹே. பார்த்துட்டு வந்துடலாம்டா" என்றான் சாஃப்ட்வேர்.

"முடியாது."

"தண்ணி எங்கடா ஏறியிருக்கு? ஒரு அடிகூட இருக்காது!"

ஆடிட்டர் கல் மேல் உட்கார்ந்து விரல் விட்டான். "ஏற்றம் 12 அடின்னு வெச்சுக்கோ. முதல் மணி நேரம் ஒரு அடி. ரெண்டாவது மணியில ரெண்டு. மூணாவதுல மூணு, நாலாவதுல மூணு. அப்புறம் ரெண்டு, கடைசியில ஒண்ணு. மாலுமிங்க போடற தோராயக் கணக்கு இது. போக முக்கால் மணி, பார்க்க அரைமணி, வர முக்கால் மணி. நாலு மணிக்கு ஆறடிக்கு மேல தண்ணி. முனையைத் தாண்ட வழி இருக்காது. மேலே ஏறலாம்னா, சுவரைப் பாரு."

பார்த்தோம். அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழுகிற உயரம். அதுவும் எப்போது சரியுமோ என்று நிற்கிற களிமண்ணும் கல்லும். கிரெடிட் கார்டு பாக்கி மாதிரிதான் இந்தக் கடலும். முதல் தவணையைப் பார்த்து "இவ்வளவுதானே" என்று நினைக்கிறவன்தான் மூன்றாவதில் மாட்டுகிறான்.

சாஃப்ட்வேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கூட வந்தான். பாதி வழியில் எதிரே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். கையில் வாளி, இரண்டு பொடிசுகள். முனைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் சொல்லுமுன் அவனே போய் நின்றான். அந்த அப்பா முதலில் புன்னகையோடு தலையாட்டிவிட்டு நடக்கப் பார்த்தார். இவன் விடவில்லை. ஆடிட்டர் கையிலிருந்த அட்டவணையைப் பிடுங்கிக் காட்டி, விரல் விட்டு ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று என்று அதே கணக்கைச் சொன்னான். அவர் கடலைப் பார்த்தார், குழந்தைகளைப் பார்த்தார், வாளியைக் கவிழ்த்து நண்டை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

ஐந்து மணிக்குத் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்றோம். அம்மோனைட் தரை இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தண்ணீர். முனையில் அலை நேராக மலைச்சுவரில் மோதிக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேர் ஒன்றும் பேசவில்லை. கடைசி வறுவலை ஆடிட்டர் பக்கம் தள்ளிவைத்தான்.

போகிறவர்கள் கவனத்துக்கு

* கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது கிளம்புங்கள். ஏற ஆரம்பித்ததும் கரை திரும்புங்கள்.
* மலைச்சுவரின் அடியில் உட்கார்ந்து சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்காதீர்கள்.
* உதிர்ந்து கிடக்கும் சின்னக் கல்லை எடுக்கலாம். அம்மோனைட் தரையைப் பெயர்க்காதீர்கள்.
* குட்டையில் புரட்டிய கல்லை முன்பு இருந்தபடியே திருப்பி வையுங்கள். அது யாரோ ஒருத்தர் வீட்டுக் கூரை.
* மாட்டிக்கொண்டால் 999 சுழற்றி 'கோஸ்ட்கார்ட்' என்று கேளுங்கள்.

கடல் தினமும் சுமார் 50 நிமிடம் லேட்டாகத்தான் வருகிறது. ஆனால் அந்தத் தாமதத்துக்கும் சேர்த்து முழு வருடத்து அட்டவணையை முன்கூட்டியே அச்சடித்துக் கடையில் விற்கிறார்கள். இவ்வளவு ஒழுங்காக பெர்மிஷன் போடுகிற ஆள் நம்ம ஆபீசில் ஒருத்தர் உண்டா, சொல்லுங்கள்!