சாமுராய் மரியாதையும் பிள்ளைகளின் ஜூடோ வகுப்பும்

ஜூடோ, கராத்தே என்று பிள்ளைகளை வகுப்புகளுக்கு அனுப்பும் தாய்மார் பலருக்கு, சாமுராய் என்றதும் வாளும் இரத்தமும்தான் நினைவுக்கு வரும். சினிமாக்காரர் செய்த வேலை அது. சாமுராய் ஒழுக்கம் என்று சொல்லிப் பிள்ளைகளை அடிக்கும் மாஸ்டர்மாரும் இருக்கிறார்கள். அந்த ஒழுக்கம் உண்மையில் எதைக் கேட்கிறது?

சாமுராய்கள் வாள் தரிப்பதை ஜப்பானிய அரசு 1876இல் தடைசெய்தது. அவர்களுடைய ஜுஜுட்சு என்ற கைச்சண்டைக் கலையும் மதிப்பிழந்தது. அந்த நிலையில்தான் 1882இல், கானோ ஜிகோரோ என்ற 21 வயது இளைஞர், டோக்கியோவில் ஒரு பௌத்த ஆலயத்தில் 12 பாய்கள் விரித்த அறையில் ஜூடோவைத் தொடங்கினார். ஆபத்தான அடிகளையும் உதைகளையும் பயிற்சி மோதலிலிருந்து நீக்கினார். ஜூடோவின் முதற்பாடம் எதிரியை வீழ்த்துவதல்ல, காயப்படாமல் விழுவது. பிடியில் சிக்கியவர் கையால் இரண்டு முறை தட்டினால் போதும், மற்றவர் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். தானும் பிறரும் சேர்ந்து உயர்வதே கானோ வகுத்த கோட்பாடு. என் கையில் அகப்பட்ட உடலுக்கு நானே பொறுப்பு என்பதாகச் சாமுராயின் மானம் இங்கே மாறிவிட்டது.

நிதோபே இனாசோ 1900இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'புஷிடோ' என்ற நூலும் நேர்மை, துணிவு, விசுவாசம் ஆகியவற்றோடு இரக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் ஜப்பானிலேயே சில பயிற்சியாளர்கள் விசுவாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 2012 இறுதியில் அந்நாட்டின் முன்னணி ஜூடோ வீராங்கனைகள் 15 பேர், பயிற்சியில் தாங்கள் அடிக்கப்படுவதாக ஒலிம்பிக் குழுவிடம் முறையிட்டனர். 2013இல் தலைமைப் பயிற்சியாளர் பதவி விலகினார். ஆசானுக்கெதிராக வாய் திறப்பது அங்கே இலேசான காரியமல்ல. துணிவு என்றால் அந்தப் பெண்கள் செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் உங்கள் பிள்ளையின் வகுப்பில் ஓரமாக அமர்ந்து பாருங்கள். பட்டியின் நிறம் கிடக்கட்டும். தட்டியதும் பிடி தளர்கிறதா? புதிதாக வந்த சிறுவனைப் பழையவன் எப்படி எறிகிறான்? தலை அடிபட்ட பிள்ளையை, "ஒன்றுமில்லை, எழும்பு" என்று மறுபடியும் இறக்கிவிடுகிறார்களா? 1983 முதல் சுமார் மூன்று தசாப்தங்களில் ஜப்பானியப் பாடசாலைகளில் ஜூடோவினால் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் தலையில் அடிபட்டவர்கள். மாஸ்டர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். பயிற்சியை அத்தோடு நிறுத்தி, பிள்ளையை உடனே டொக்டரிடம் காட்டுங்கள்.