குருதி உறையா மருந்தும் நம் அடுக்களையும்

கொள்ளேகால் வாழ் தமிழன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயற்கை இதய வால்வு பொருத்திக்கொண்டோர் உண்ணும் வார்ஃபரின், உயிர் காக்கும் மருந்து. அளவு மீறின் உயிர் பறிக்கும். 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சை படிந்த தீவனத்தைத் தின்ற மாடுகள் குருதி பெருகி மாண்டன. அதன் காரணத்தை ஆராய்ந்ததன் வழியே பிறந்த இம்மருந்து, 1948இல் எலி நஞ்சாகவும், 1954 முதல் மனிதர்க்கு மருந்தாகவும் வழங்கலாயிற்று.

கீரையிலுள்ள வைட்டமின் 'கே' இதன் வலுவைக் குறைக்கும். எனினும் சொப்புச் சாற்றை அறவே விலக்க வேண்டுவதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாக உண்டால் போதும். ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேளாது விழுங்கினால் குருதிப்போக்கு நேரலாம். நாட்டு மருந்து உண்பதையும் அவரிடம் மறைத்தலாகாது.

மலம் கரிய நிறமாயினும், தலையில் அடிபடினும் உடனே மருத்துவமனைக்கு விரைக. ஐ.என்.ஆர். சோதனையைத் தவறவிடாதீர், மருந்தைத் தாமாக நிறுத்தாதீர் என வேண்டுகிறோம்.