இரும்பும் அழும்!

ஹெவி மெட்டல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தோள் வரை தலைமுடி, கறுப்பு டி-ஷர்ட், அதில் ஒரு மண்டை ஓடு, கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்குத் தலையாட்டல். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமனார் அறைக் கதவைத் தட்டி, ‘‘மாப்ளே, மிக்ஸி ஏதாவது ரிப்பேரா?’’ என்று விசாரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் தடவை கேட்கிற காதுக்கு அப்படித்தான் இருக்கும்.

அந்த மிக்ஸியை இருபது வருஷமாகக் கேட்டு வருகிறேன். ஆபீஸில் வாங்கிக் கட்டிக்கொண்ட சாயங்காலங்களில் கட்டாயம் கேட்பேன். மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடமும் கிடைத்துவிட்டால் உத்தமம். இதைக் கோபக்காரர்களின் சங்கீதம் என்பார்கள். ராட்சசர்களையும் பீரையும் பற்றியே பாடிப் பிழைக்கிற கோஷ்டிகள் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல ஹெவி மெட்டலைத் தோண்டிப் பாருங்கள், அடியில் துக்கம் இருக்கும். ‘ஆம்பளை அழக் கூடாது’ என்று சொல்லி வளர்க்கப்பட்ட பையன்கள், வால்யூமை ஏற்றிவிட்டு அதற்குள் ஒளிந்துகொண்டு அழுகிறார்கள். நம்ம ஊரில் சாவு வீட்டில் பறை முழங்குவதில்லையா? துக்கம் என்றால் சத்தமே வரக் கூடாது என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது?

கதையே ஒரு விபத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1965. இங்கிலாந்தின் தொழிற்சாலை நகரம் பர்மிங்ஹாம். டோனி அயோமிக்கு வயது 17, தகரப் பட்டறையில் வேலை. கிட்டாரை நம்பி வேலையை விடுவதாக முடிவு. அன்றுதான் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், ‘இனிமே எதுக்குப் போகணும்’ என்று இழுக்க, ‘ஒழுங்கா முழு நாளும் முடிச்சிட்டு வா’ என்று அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். (எல்லா ஊர் அம்மாவும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.) பிரஸ் மெஷின் ஆள் வரவில்லை என்று இவரை அங்கே நிறுத்தினார்கள். மெஷின் இறங்கியது. வலது கையில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போயிற்று. அயோமி இடது கைக்காரர். தந்தியை அழுத்த வேண்டிய கையே அந்த வலது கைதான்.

டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். பட்டறை மேலாளர்தான் ஓர் இசைத்தட்டோடு பார்க்க வந்தார். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்தது. தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் உலகப் புகழ் பெற்ற கிட்டார்காரர். அதைக் கேட்டுவிட்டு அயோமி, பாத்திரம் கழுவும் சோப்பு பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். நழுவாமல் இருக்க அதன் மேல் தோல் ஒட்டினார். தந்தி கெட்டியாக இருந்தால் வலிக்கும். ஆகவே மெல்லிய தந்தி போட்டார். பிற்பாடு அந்தத் தந்திகளையும் தளர்த்திச் சுருதியை இறக்கினார். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தைக் கேட்டால் தெரியும். இறங்கிய சுருதியில், மழை மேகம் மாதிரி கனத்துத் தொங்கும் ஓசை. அதுதான் பிளாக் சாபத் குழுவின் முத்திரை. ஹெவி மெட்டலில் உள்ள அந்த ‘ஹெவி’யில் பாதி, இரண்டு விரல் நுனிகளின் வலி.

அதே குழுவில் பாஸ் கிட்டார் வாசித்த கீஸர் பட்லர்தான் பாட்டும் எழுதுவார். 1970-ல் ஆல்பத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது, நிரப்ப ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். மூன்று நிமிஷம்கூட ஓடாத ‘பேரனாய்ட்’ அவசரமாகப் பிறந்தது. எதிலும் மனம் ஒட்டாத, ஏனென்று சொல்லத் தெரியாத ஒருவனின் புலம்பல். பட்லருக்கே அந்த நோய் இருந்தது. அந்தக் காலத்தில் அதற்குச் சரியான பேர் வைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை. மனச்சோர்வு என்று டாக்டர்கள் பேர் வைத்தது பல வருஷம் கழித்து. அதற்குள் கோடிக்கணக்கான பேர் அந்தப் பாட்டுக்கு ஆடி முடித்திருந்தார்கள்!

அமெரிக்காவுக்கு வருவோம். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு. பார்வைக்கு லாரி டிரைவர் மாதிரி முரட்டு ஆள். பிரார்த்தனையே மருந்து, டாக்டர் கூடாது என்ற மத நம்பிக்கை உள்ள குடும்பம். சிறு வயதிலேயே அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. வைத்தியம் செய்துகொள்ளவில்லை. அவர் இறந்தபோது மகனுக்கு வயது 16. அந்தக் கோபமும் ஏக்கமும் 1991, 1996 ஆல்பங்களில் பாட்டாகவே வந்திருக்கின்றன.

1984-ல் குழுவின் கருவிகள் பாஸ்டனில் திருடு போயின. உயிராக வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரும் போயிற்று. கையில் காசில்லை. அந்த மனநிலையில் பிறந்தது ‘ஃபேட் டு பிளாக்’. வாழப் பிடிக்காதவனின் குரல். ஆரம்பத்தில் மென்மையான கிட்டார் வருகிறதே, இது துரோகமில்லையா என்று சில ரசிகர்கள் சண்டைக்கு வந்தார்கள். இன்னொரு பக்கம், ‘இது எங்கள் கதை’ என்று கடிதங்கள் குவிந்தன. உங்களைப் போல இன்னொருத்தனும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தால், இருட்டு கொஞ்சம் சகித்துக்கொள்ளக்கூடியதாகிவிடுகிறது.

இதைவிட என்னை உலுக்கியது 1986 செப்டம்பர். ஸ்வீடனில் ராத்திரி பஸ் பயணம். எந்தப் படுக்கை யாருக்கு என்று சீட்டு எடுத்தார்கள். பாஸ் கிட்டார் வாசிக்கும் கிளிஃப் பர்ட்டனுக்கு ஏஸ் விழுந்தது. பிடித்த படுக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டு தூங்கப் போனார். விடியற்காலையில் பஸ் சறுக்கிக் கவிழ்ந்தது. வயது 24. மற்ற மூவரும் பிழைத்தார்கள்.

அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? உட்கார்ந்து அழவில்லை. சில வாரங்களில் ஜேசன் நியூஸ்டெட் என்ற புது ஆளைச் சேர்த்தார்கள். சேர்த்துவிட்டு வருஷக்கணக்கில் அவரை ராகிங் செய்தார்கள். 1988 ஆல்பத்தில் அவர் வாசித்தது காதில் விழாத அளவுக்குக் குறைத்தே பதிவாகியிருக்கிறது. அழாத அழுகை பக்கத்து சீட்டுக்காரன் தலையில் விடிந்தது! (உங்கள் ஆபீஸில் காரணமில்லாமல் எரிந்து விழுகிறவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.) அதே ஆல்பத்தில் பர்ட்டன் ஞாபகமாகப் பத்து நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு உருப்படி. நடுவில் பேசுகிற நாலு வார்த்தைகள் தவிர, பாட்டே கிடையாது. வார்த்தை வராதவர்கள் கிட்டாரை விட்டு அழச் சொன்ன மாதிரி இருக்கும்.

‘இதையெல்லாம் கேட்டுக் கேட்டே பசங்க கெட்டுப்போறாங்க சார்’ என்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் இரண்டு இளைஞர்களின் சாவுக்கு ஜூடாஸ் பிரீஸ்ட் பாட்டில் ஒளிந்திருக்கும் ரகசியக் கட்டளைதான் காரணம் என்று 1990-ல் வழக்கே நடந்தது. பாடகர் ராப் ஹால்ஃபோர்டு கோர்ட்டில் பாடிக்கூடக் காட்டினார். வழக்கு தள்ளுபடி. ரசிகனைச் சாகச் சொல்லி எந்த வியாபாரியாவது கட்டளை போடுவானா? அப்புறம் கேசட்டை யார் வாங்குவது?

2015-ல் ஆஸ்திரேலியாவில் இந்த இசை கேட்கும் 39 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முதலில் வேண்டுமென்றே கோபமூட்டினார்கள். பிறகு பாதிப் பேர் தங்களுக்குப் பிடித்த முரட்டுப் பாட்டைக் கேட்க, மீதிப் பேர் சும்மா உட்கார்ந்தார்கள். பாட்டு கேட்டவர்களின் கோபம் கூடவில்லை, உற்சாகம்தான் கூடியது. அதற்காகப் பாட்டையே மருந்தாக்கிவிட வேண்டாம். ஹெட்ஃபீல்டே 2001-ல் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுக்கப் போய்ச் சேர்ந்தார், 2019-ல் மறுபடியும்.

பிளாக் சாபத் பாடகர் ஆஸி ஆஸ்போர்னைச் சொல்லாமல் விட்டால் ரசிகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். பர்மிங்ஹாமில் ஆஸ்டன் பேட்டைக்காரர். கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர். மேடையில் வௌவால் தலையைக் கடித்த பேர்வழி. 2025 ஜூலை 5-ம் தேதி அதே ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில் கடைசிக் கச்சேரி. 40,000 பேருக்கு மேல் கூட்டம். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். மனைவி ஷேரனை மனதில் வைத்து உருவான, வீட்டுக்குத் திரும்பி வருகிறேன் என்கிற பழைய பாட்டு வந்தபோது குரல் தடுமாறியது. பச்சை குத்திய தடித்தடி ஆண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூடவே பாடினார்கள்.

பதினேழாம் நாள், ஜூலை 22, ஆஸி போய்விட்டார். அடுத்த வாரம் இறுதி ஊர்வலம் பர்மிங்ஹாம் தெருக்களில் போனது. சவ வண்டிக்கு முன்னால் பித்தளை வாத்தியக்காரர்கள் நடந்து போனார்கள். அவர்கள் வாசித்தது பிளாக் சாபத்தின் ‘அயர்ன் மேன்’.