உங்களுக்குத் தெரியுமா? டெட்ரிஸ் மோதலில் இரண்டு வரி நான்கு வரிக்குச் சமமாகலாம்!

1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய, விழும் கட்டைகளை அடுக்கி வரிகளை நிரப்பி அழிக்கும் டெட்ரிஸ் விளையாட்டு, 1989-இல் கேம் பாய்க்கு வந்தபோது இரண்டு கருவிகளைக் கேபிளால் இணைத்து மோத முடிந்தது. ஒற்றை வரியை அழித்தால் எதிராளிக்கு எதுவும் போகாது. இரண்டுக்கு ஒரு குப்பை வரி (எதிராளியின் அடுக்கை அடியிலிருந்து உயர்த்தும் வரி), மூன்றுக்கு இரண்டு, நான்கையும் ஒரே அடியில் அழித்தால் நான்கு! அதனால்தான் தேர்ந்தவர்கள் ஓரத்தில் ஒரு பத்தியைக் காலியாக விட்டு நீளக் கட்டைக்குக் காத்திருக்கிறார்கள். இன்றைய பதிப்புகளில் ஏழு கட்டைகளும் குலுக்கி, சுற்றுக்கு ஒருமுறை தரப்படுகின்றன. ஆகவே இரு நீளக் கட்டைகளுக்கு இடையே அதிகபட்சம் 12 கட்டைகள்தான் வரும். எண்ணி ஆடலாம்.

இதைவிட அழகான அடி 'டி-ஸ்பின்'. மேலே ஒரு கட்டம் துருத்தி நிற்க, அதன் அடியிலுள்ள பள்ளத்துக்குள் டி வடிவக் கட்டையைக் கடைசி நொடியில் சுழற்றிச் செருக வேண்டும். அழிவது இரண்டே வரி. எதிராளிமேல் ஏறுவதோ நான்கு! நடுவில் சாதாரண அழிப்பு எதுவும் குறுக்கிடாமல் இத்தகைய அடிகளைத் தொடர்ந்தால் கூடுதலாக ஒரு வரியும் போகும்.

2019-இல் வந்த 'டெட்ரிஸ் 99'-இல் 99 பேர் ஒரே நேரத்தில் மோதுகிறார்கள். வரவிருக்கும் குப்பை முதலில் பக்கவாட்டில் காத்திருக்கும். அதற்குள் வரிகளை அழித்தால் அது குறையும். எனவே பெரிய அடியைக் கையிருப்பில் வைத்திருப்பதே நல்ல தற்காப்பு. ஒருவரை வீழ்த்தினால் அவர் பிறரை வீழ்த்திச் சேர்த்த பேட்ஜ்களும் உங்களுக்கே. அவை முழுதாக நிரம்பினால் உங்கள் தாக்குதல் இரட்டிப்பாகும்.